ஜெபித்தும் தடை நீங்கவில்லை என்றால் விசுவாசம் குறைவா?

எட்டு மாதமாக வேலைக்காக ஜெபிக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை, என் விசுவாசம் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது. அப்போஸ்தலன் பவுல் தன் சரீரத்தில் இருந்த முள், அதாவது தன்னை வாட்டிய ஒரு பாடு, நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, கிருபைதான் கிடைத்தது. அவருக்கா விசுவாசம் குறைவு?

லூக்கா 18-இல் நியாயம் கேட்டு நியாயாதிபதியிடம் விடாமல் போகும் விதவையைக் காட்டி, நச்சரித்தால் தேவன் தருவார் என்று சிலர் சொல்வார்கள். உவமை சொல்வது வேறு. அநீதியுள்ள நியாயாதிபதியே இறங்கி வரும்போது, தேவன் எவ்வளவு அதிகமாய்க் கேட்பார் என்பதுதான் அதில் விஷயம்.

எனக்கு நெருக்கமானவர் எலியா தீர்க்கதரிசி (1 இராஜாக்கள் 18). சென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டில், கடலைப் பார்த்து வளர்ந்தவன் என்பதாலோ என்னவோ. மழைக்காக அவர் முழங்கால்களுக்கு நடுவே முகத்தை வைத்துக் குனிந்திருக்க, ஊழியக்காரன் கடல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து 'ஒன்றும் இல்லை' என்கிறான். திரும்பவும் போகச் சொல்கிறார். ஏழாம் முறைதான் உள்ளங்கை அளவு மேகம் தெரிகிறது. அந்த ஆறு 'ஒன்றும் இல்லை'யையும் வேதம் மறைக்கவில்லை, பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுக்கக் கைச்செலவுக்கே திண்டாட்டம். அம்மாவின் கம்மல் அடகுக்கடையில் இருக்கும். அப்பா விடியற்காலை ஜெபித்துவிட்டு, ஆமென் சொன்ன கையோடு கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நீங்களும் ஜெபியுங்கள், வேலைக்கு விண்ணப்பமும் போடுங்கள். அப்புறம், உபவாசம் இருப்பதாக இருந்தால், சர்க்கரை மாத்திரை போடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.