குளியலறையைப் புதுப்பிக்கும்போது யாரை முதலில் அழைப்பது?

பழைய குளியலறையைப் புதுப்பிக்கையில் பிளம்பர், எலக்ட்ரீசியன், கொத்தனார், டைல்ஸ் பதிப்பவர் ஆகியோரை எந்த வரிசையில் அழைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய டைல்ஸை உடைத்து அகற்றியதும் பிளம்பரும் எலக்ட்ரீசியனும் சுவரில் காடி வெட்டித் தத்தம் பைப்புகளைப் பதித்துவிட வேண்டும். அதற்கு முன் கொத்தனார் பூசத் தொடங்கினால், பூசிய சுவரையே மீண்டும் உடைக்க நேரிடும். தண்ணீர்க் குழாய்களில் அழுத்தம் கொடுத்துக் கசிவில்லை என்று உறுதிசெய்த பிறகே பூச்சுக்கு அனுமதியுங்கள்.

பூச்சுக்குக் குறைந்தது 7 நாட்கள் தண்ணீர் தெளித்து, அது நன்கு உலர்ந்தபின் வாட்டர்ப்ரூஃபிங் செய்து, தரையில் 24 மணி நேரமாவது தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். அவசரத்தில் பலர் கைவிடுவது இந்தச் சோதனையைத்தான். கீழ்த்தளக் கூரையில் ஈரம் படர்ந்த பிறகு புதிய டைல்ஸைப் பெயர்ப்பது எவ்வளவு வேதனை என்பதை நான் பட்டறிந்திருக்கிறேன். ஆகவே தண்ணீர் தேக்கும் சோதனை முடியும்வரை டைல்ஸ் பதிப்பவருக்கு நாள் குறிக்காதீர்கள். வாஷ்பேசினையும் குழாய்களையும் பொருத்த பிளம்பர் இரண்டாம் முறை வர வேண்டியிருப்பதால், அவர் கூலியில் ஒரு பகுதியை அந்நாளில் தருவதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.