அரிசியில் போட்ட கோடு

கேள்வி: மாமியார் - மருமகள் கதை என்றாலே திருப்பி அனுப்பிவிடுவீர்களா? நான் எழுதியதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. எல்லாமே எங்கள் வீட்டில் நடந்தது.
- வாசகி ஒருவர், திருச்சி

பதில்: அப்படி ஒரு விதி எங்களிடம் இல்லை, அம்மா. உங்கள் கதையை இரண்டு முறை படித்தேன். நடந்ததுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படிப்பவருக்கு உங்கள் வீடு தெரியாது, தாளில் இருப்பதுதான் தெரியும். மாமியார் வாசல் தாண்டி உள்ளே வரும் முன்பே அவரைக் 'கல்நெஞ்சக்காரி' என்று எழுதிவிட்டீர்கள். அதற்கப்புறம் அவர் எது செய்தாலும் உங்கள் பக்கத்துச் சாட்சியாகிவிடுகிறது.

நான்காம் பக்கத்தை எடுங்கள். இரவு அடுக்களையை ஒழித்துவைத்த பிறகு மாமியார் அரிசி டிரம்மைத் திறக்கிறார். உள்ளங்கையால் அரிசியை நிரவி, மேலே விரலால் ஒரு கோடு போட்டு மூடுகிறார். யாராவது அள்ளினால் காலையில் தெரிந்துவிடும். இதை ஒரே வரியில் முடித்துவிட்டு, மருமகள் தலையணை நனைய அழுவதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள்! எனக்குக் கோபமே வந்தது. அந்தக் கோட்டை அவர் யாரிடம் கற்றார்? எந்த வருஷம் அவர் வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாமல் போனது? அவர் மருமகளாக வந்தபோது யார் கோடு போட்டார்கள்? சரி, மகன் எங்கே? கதை முழுக்கக் காபி குடிக்கிறார், பேப்பர் படிக்கிறார். அவரை நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைத் தேடிப் படியுங்கள். தீபாவளிக்குக் கணவனுக்கென்று வைத்திருந்த துண்டை, எங்கிருந்தோ வந்து நிற்கும் அனாதைப் பையனுக்கு ஒரு தாய் கொடுத்துவிடுகிறாள். ஆனால் உடனே கொடுத்துவிடவில்லை, தயங்குகிறாள். அந்தத் தயக்கத்தையும் எழுதியிருப்பதால்தான் அவளை முழுசாக நம்ப முடிகிறது.

மாமியாரை நல்லவராக்கச் சொல்லவில்லை. கடைசியில் இருவரும் கட்டிக்கொண்டு அழுவதுபோல் மாற்றினால் அதையும் திருப்பித்தான் அனுப்புவேன். ஓர் இரவு போதும். தண்ணீர் குடிக்க எழுந்து வரும் மருமகள், அவர் கோடு போடுவதைப் பார்த்துவிடுகிறாள். அங்கே தொடங்குங்கள். அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, நான்காம் பக்கத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.