கேள்வி-பதில்: மண்ணடியில் வின்ச் ரோப் வாங்கும் முன்

போன வாரம் பழைய லேத் வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, லேத்தை விட்டுவிட்டு, வின்ச்சில் (ரோப்பை டிரம்மில் சுற்றிச் சுமையை இழுக்கிற எந்திரம்) மாட்டி அதை இழுக்கிற கம்பி ரோப்பைப் பற்றிக் கேட்கின்றன. நல்லதுதான், லேத் வாங்குவதைவிட யோசித்து வாங்க வேண்டிய பொருள் அது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

பட்டறையை இடம் மாற்றுகிறோம். 4 டன் லேத்தை பைப் உருளைமேல் தள்ளி, சாய்தளம் வழியாக டிரெயிலரில் ஏற்ற வேண்டும். மண்ணடியில் 12 மி.மீ. ரோப்பைக் காட்டி, "இது 9 டன் ரோப், தாராளமா போதும்" என்கிறார்கள். வாங்கலாமா? (அம்பத்தூர்)

வாங்கலாம். ஆனால் அந்த "9 டன்" பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அது ரோப் அறுந்துபோகிற எடை, வேலை வாங்குகிற எடை இல்லை. அதை ஐந்தால் வகுத்து, வருகிற 1.8 டன்னை மட்டும்தான் நம்ப வேண்டும். செம்புதாஸ் தெருவிலும் லிங்கி செட்டித் தெருவிலும் எத்தனையோ கடை ஏறி இறங்கியிருக்கிறேன். தானாக இந்த வகுத்தலைப் போட்டுக் காட்டிய கடைக்காரர் ஒருவர்கூட இல்லை. நாமும் "எத்தனை டன் தாங்கும்?" என்று கேட்கிறோம், அவரும் இருப்பதிலேயே பெரிய எண்ணைச் சொல்கிறார். அதை நம்பி 8 டன் சுமையை மாட்டுபவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணக்கைப் போடுவோம். உருளைமேல் சமதளத்தில் 4 டன்னை நகர்த்த ஏறக்குறைய 400 கிலோ இழுவை ஆகும். நாலடிக்கு ஓரடி ஏறுகிற சாய்தளம் என்றால் அதற்காக இன்னொரு டன். ஆக 1.4 டன். ஐந்தால் பெருக்கினால் 7 டன். 12 மி.மீ., ஸ்டீல் கோர் (நடுத்தண்டும் எஃகு), 1770 கிரேடு (இழையின் வலிமையைச் சொல்கிற எண்) ரோப் 9 டன்னுக்குச் சற்று மேலே அறும், அதனால் போதும். 10 மி.மீ. ஏறக்குறைய ஆறரை டன்னிலேயே அறும், வேண்டாம். இந்தக் கணக்கெல்லாம் உருளை உருளும்வரைதான். உருளை சிக்கி லேத் தரையில் தேய ஆரம்பித்தால் இழுவை இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். அப்போது வின்ச்சை நிறுத்திவிட்டு உருளையைச் சரிசெய்யுங்கள். "இன்னும் கொஞ்சம் இழுப்பா" என்ற குரல் எங்கிருந்தாவது வரும், அதைக் காதில் வாங்காதீர்கள்.

ஹெம்ப் கோர் (நார் நடுத்தண்டு) போட்டது விலை குறைவு என்று நீட்டுவார்கள். டிரம்மில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றும்போது அது நசுங்கும், வின்ச்சுக்கு ஸ்டீல் கோர்தான். பில்லில் வெறுமனே "வயர் ரோப்" என்று எழுத விடாதீர்கள். "12 மி.மீ., 6×36, ஸ்டீல் கோர், 1770, ஐ.எஸ். 2266" என்று எழுதச் சொல்லி, ரோப் தயாரித்த மில்லின் டெஸ்ட் சர்டிபிகேட் நகலும் கேளுங்கள். 6×36 என்றால் ஆறு புரி, புரிக்கு 36 இழை; ஐ.எஸ். 2266 கம்பி ரோப்புக்கான இந்தியத் தரம். முகம் சுளித்தால் அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது.

அப்புறம், கடைக்குப் போகும் முன் வின்ச்சில் உள்ள தகட்டைப் படியுங்கள். சின்ன டிரம்மில் தடித்த ரோப்பைச் சுற்றினால் அது மடங்கி மடங்கியே சாகும். தகட்டில் போட்டிருக்கும் இழுவையும் டிரம்மின் முதல் சுற்றடுக்குக்குத்தான். அடுக்கு ஏற ஏற இழுவை குறையும். அதற்காக முழுவதும் அவிழ்த்துவிடவும் கூடாது, குறைந்தது மூன்று சுற்றாவது டிரம்மிலேயே இருக்கட்டும்.

12 மி.மீ. என்று சொல்லித் தந்த ரோப்பை வெர்னியரில் அளந்தால் 11.2 தான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்கள். யாரிடம் புகார் செய்வது? (மாதவரம்)

முதலில் வெர்னியரைத் திருப்பிப் பிடியுங்கள். ஆறு புரி ரோப்பில் எதிரெதிர்ப் புரிகளின் முதுகில் வைத்து அளக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புரிகள் இரண்டிரண்டாகத் தாடையில் உட்கார்ந்தால் அளவு ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்து காட்டும். நீங்கள் சொல்லும் 11.2 அப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன். முதுகில் வைத்தும் அதே 11.2 என்றால் மறுபடி எழுதுங்கள், உங்கள் பக்கம் நிற்கிறேன்.

துருப் பிடிக்காமல் இருக்கப் பழைய இன்ஜின் ஆயில் பூசலாமா? (எண்ணூர்)

கூடாது. அதில் இரும்புப் பொடியும் அமிலமும் இருக்கும். ரோப்புக்கென்றே விற்கிற கார்டியம் காம்பவுண்ட் வாங்குங்கள். கடல் காற்று அடிக்கிற எண்ணூரில் அடுத்த முறை கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) ரோப்பாகவே எடுங்கள்.

பழுதான வண்டிகளை இழுக்கும் ஒரே ஒரு வண்டி வைத்துப் பிழைக்கிறேன். "புது ரோப்" என்று வாங்கியது இரண்டாவது வேலையிலேயே அறுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. உள்ளே முழுக்கத் துரு. பில் கேட்டதற்கு "பில் இல்லாம போனா குறைச்சுத் தரேன்" என்றார்கள். இப்போது "விற்ற பொருள் திரும்பாது" என்கிறார்கள். (திருவொற்றியூர்)

யாருக்கும் அடிபடவில்லை என்பதைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. பில் இல்லாமல் வாங்கியது தப்பு என்று உங்களுக்கே தெரியும், நான் வேறு சொல்ல வேண்டாம்.

தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று கடைக்காரர் மிரட்டக்கூடும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கினால் அவரும் நுகர்வோர்தான். பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பதும் அப்படியே. ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, அறுந்த இரண்டு முனைகளின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ரோப்பைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.

நானும் இதே குழியில் விழுந்தவன். காசிமேடு பக்கம் விசைப்படகில் கழற்றிய ரோப் 60 மீட்டரை, எடைக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினேன். வெளியே கிரீஸ் பளபளவென்றிருந்தது. ஒரு கம்ப்ரசரை இழுக்கும்போது அறுந்து, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை உடைத்தது. சுவர் கட்டிக் கொடுத்த செலவில் இரண்டு புது ரோப் வாங்கியிருக்கலாம். அதிலிருந்து, வாங்கும் முன்னே புரிகளுக்கு நடுவில் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகித் திருகிப் பார்க்கிறேன். உள்ளிருந்து செம்பொடி உதிர்ந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ரோப்பில் ஏழெட்டு இழை அறுந்து கையைக் குத்துகிறது. டேப் சுற்றி ஓட்டுகிறோம். இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்? (பாடி)

இன்றோடு நிறுத்துங்கள். ஒரு புரி ரோப்பை ஒரு முழுச் சுற்று சுற்றி வருகிற நீளத்துக்குள் ஆறு இழை அறுந்திருந்தாலும், அதற்குள் ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலும் ரோப் முடிந்தது. நீங்கள் அதைத் தாண்டிவிட்டு, பார்க்கக்கூட முடியாதபடி டேப்பையும் சுற்றி வைத்திருக்கிறீர்கள்.

ரோப் முனையை மடித்துப் பிடிக்கிற யு கிளாம்ப் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்? (கிண்டி)

நட்டு முடுக்குகிற மெத்தைப் பக்கம், சுமை தாங்கும் நீள ரோப்பின்மேல். வளைந்த யு, வெட்டிவிட்ட வால் முனையின்மேல். திருப்பிப் போட்டால் யு சுமைக் கம்பியைக் கடித்துவிடும். 12 மி.மீ.க்குக் குறைந்தது மூன்று, நான் நான்கு போடுவேன். இடைவெளி ஏறக்குறைய 7 செ.மீ. முதல் இழுவை முடிந்ததும் மறுபடி முடுக்குங்கள், கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும்.

டிரம்மில் ரோப் ஏறுமாறாகச் சுற்றுகிறது. ஹெல்பர் பையன் கையுறை போட்டுக்கொண்டு கையாலேயே ஒதுக்கிவிடுகிறான். நல்ல கையுறை எந்தக் கம்பெனி? (திருமுடிவாக்கம்)

கையுறை இல்லை உங்கள் பிரச்சினை. பையனை அங்கிருந்து எடுங்கள். அறுந்த ஒரு இழை தோல் கையுறையில் மாட்டினால் கை டிரம்முக்குள் போன பிறகுதான் வின்ச் நிற்கும். சுமையைக் கழற்றி, ரோப்பை அவிழ்த்து, லேசான இழுவையில் நேராகச் சுற்றுங்கள். ஓடுகிற ரோப்பை யாரும் தொடக்கூடாது, தாண்டக்கூடாது. விறைப்பாக இருக்கும்போது நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வைத்தால், அறுந்தாலும் வீச்சு குறையும். ஆட்கள் ரோப்பின் நீளத்தில் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும். கப்பி போட்டிருந்தால், ரோப் கப்பியில் திரும்புகிற மடிப்பின் உட்புறம் ஒருவரும் நிற்கக்கூடாது.

பச்சை பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக் கயிறு மலிவாகக் கிடைக்கிறது. ஜெனரேட்டரை இழுக்க ஆகுமா? (பெரம்பூர்)

துணி காயப்போட ஆகும்.