மார்கிராட்டனில் பூ வைப்பவர்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் கல்லறைகளை நெதர்லாந்துக் குடும்பங்கள் தத்தெடுத்துப் பூ வைத்து வருகின்றனவாம். ஹிட்லரிடமிருந்து விடுதலை பெற்ற கையோடு இந்தோனேசியாவை மீண்டும் பிடிக்கப் படை அனுப்பிய நாடு அது. வல்லரசின் மனம் குளிர நடத்தப்படும் இந்தச் சடங்கை நாம் ஏன் மெச்ச வேண்டும்?
— வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: இந்தோனேசியாவைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. 1945 ஆகஸ்ட் 17 அன்று சுதந்திரத்தை அறிவித்த மக்கள்மீது, அந்நிய ஆக்கிரமிப்பின் கொடுமையை ஐந்து ஆண்டுகள் தானே அனுபவித்து முடித்திருந்த ஒரு நாடு, 1949 வரை போர் நடத்தியது. அந்தப் போரில் டச்சுப் படையினர் கையாண்ட வரம்பு மீறிய வன்முறைக்கு, 2022-இல் வரலாற்றாய்வு முடிவுகள் வெளியான பிறகுதான், அப்போதைய நெதர்லாந்துப் பிரதமர் மார்க் ருட்டே முழுமையாக மன்னிப்புக் கேட்டார். அமெரிக்கக் கல்லறைக்குப் பூ எடுத்துச் சென்ற ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் அந்தப் படைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் இவற்றிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் முடிவு, அதாவது இது வல்லரசுக்குச் செய்யும் முகஸ்துதி என்பது, நடந்ததற்கும் நடப்பதற்கும் பொருந்தவில்லை.

நெதர்லாந்தின் தென்கோடியான தெற்கு லிம்பர்க் பகுதிக்கு அமெரிக்கப் படை வந்தது 1944 செப்டம்பரில். 12-ஆம் தேதி மெஷ் என்ற சிற்றூரும், அடுத்த இரண்டு நாட்களில் மாஸ்டிரிக்ட் நகரமும் விடுதலை பெற்றன. நாட்டின் மேற்குப் பகுதியோ 1945 மே வரை ஜெர்மானியர் பிடியில் கிடந்தது. அங்கே அந்தக் குளிர்காலத்துப் பட்டினியில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். எல்லைக்கு அப்பால் ஜெர்மன் மண்ணில் இறந்த அமெரிக்கர்களை எதிரியின் மண்ணில் புதைப்பதில்லை என்று அவர்களுடைய இராணுவம் முடிவு செய்திருந்ததால், 1944 நவம்பரில் மாஸ்டிரிக்ட் நகருக்கு அருகிலுள்ள மார்கிராட்டன் கிராமத்தின் வயல்வெளி இடுகாடாயிற்று. சடலங்களைச் சுமந்த லாரிகள் அந்தக் கிராமத்துத் தெருவழியேதான் சென்றன. அந்த மக்களுக்கு விடுதலையின் விலையை யாரும் புள்ளிவிவரமாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்றாலே அது கண்ணுக்குத் தெரிந்தது.

அங்கே குழி வெட்டியவர்கள் யார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 960-ஆவது குவார்ட்டர்மாஸ்டர் சர்வீஸ் கம்பெனி என்ற இராணுவப் பணிப்பிரிவைச் சேர்ந்த கறுப்பின அமெரிக்க வீரர்களே அதில் பெரும்பங்கு செய்தவர்கள். சொந்த நாட்டின் தென் மாநிலங்களில் வெள்ளையரோடு ஒரே உணவகத்தில் உட்கார உரிமையற்றிருந்த அந்த இளைஞர்கள், மழையில் ஊறிய களிமண்ணில் நின்று, நாள் முழுதும் மண்வெட்டியால் குழி தோண்டினார்கள். அவர்களில் ஒருவரான ஜெஃபர்சன் விக்கின்ஸ் 2009-இல் மார்கிராட்டனுக்குத் திரும்பி வந்து அந்த நாட்களைப் பற்றிப் பேசிய பிறகே, அது பரவலாக அறியப்பட்டது.

கல்லறைகளைத் தத்தெடுக்கும் வழக்கம் எந்த அமைச்சகத்தின் ஆணையிலும் பிறக்கவில்லை. போர் முடியும் முன்பே, உள்ளூர் நிர்வாகத்தினரும் பொதுமக்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்து, ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு குடும்பத்தைத் தேடத் தொடங்கினார்கள். போரில் இறந்த வீரர்களுக்காக அமெரிக்கர்கள் கடைப்பிடிக்கும் நினைவு நாள் அங்கே முதன்முதலாக 1945 மே 30 அன்று நடந்தபோது, அதற்காக, முந்தைய நாள் 20 லாரிகள் ஏறத்தாழ 60 கிராமங்களைச் சுற்றிப் பூக்களைச் சேகரித்து வந்தன. ஊர்க்காரர்கள் இரவெல்லாம் கண்விழித்து ஒரு கல்லறை விடாமல் அலங்கரித்தார்கள். மாஸ்டிரிக்ட் மேயரின் மனைவி எமிலி மிக்கீல்ஸ் ஃபன் கெஸ்ஸனிக், 1946-இல் அமெரிக்காவுக்கே சென்று, மகனைப் பறிகொடுத்த பெற்றோரைச் சந்தித்து, அவனுடைய கல்லறையை ஒரு குடும்பம் பார்த்துக்கொள்கிறது என்று நேரில் சொல்லிவிட்டு வந்தார். இதில் அரசியல் எங்கே இருக்கிறது? கடல் கடந்து வர வசதியில்லாத ஒரு தாய்க்கு, தன் மகன் கிடக்கும் இடத்துக்குப் போய்வர ஆள் இருக்கிறது என்ற செய்தி கிடைத்தது, அவ்வளவுதான்.

போருக்குப் பின் குடும்பங்களின் விருப்பத்தைக் கேட்டுப் பெரும்பாலான உடல்களை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். இன்று அங்கே எஞ்சியிருப்பவை சுமார் 8,300 கல்லறைகள். உடல் கிடைக்காத 1,700-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சுவர்களில் செதுக்கப்பட்டுள்ளன. கல்லறைகளோடு சுவரிலுள்ள பெயர்களும் தத்தெடுக்கப்பட்டுவிட்டன. புல் வெட்டுவதும் கல்லைத் துடைப்பதும் அமெரிக்க நிர்வாகத்தின் வேலை. தத்தெடுத்தவர்களின் வேலை வேறு: பிறந்த நாளிலோ இறந்த நாளிலோ, மே மாத நினைவு நாளிலோ பூவோடு வருவது, அந்த வீரன் எந்த ஊர்க்காரன், எங்கே விழுந்தான் என்று தேடி அறிவது, அவனுடைய உறவினரைக் கண்டுபிடித்தால் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்வது. பாட்டி எடுத்துக்கொண்ட பொறுப்பைப் பேரன் தொடர்கிறான். வெறும் பெயராகவே இருந்த பலருக்கு இப்படித் தேடிப் புகைப்படம் கிடைத்திருக்கிறது. 2015 முதல், நினைவு நாட்களையொட்டி அந்தப் படங்களைக் கல்லறைகளுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைக்கிறார்கள். பத்தொன்பது இருபது வயதுப் பையன்களின் முகங்கள் அவை.

முகஸ்துதி என்ற உங்கள் சொல்லுக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, 2025-இல் அங்குள்ள பார்வையாளர் மையத்திலிருந்து கறுப்பின வீரர்களைப் பற்றிய பலகைகளை அமெரிக்க நிர்வாகம் அகற்றியது. அதைக் கண்டித்து, அவற்றைத் திரும்ப வைக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர்கள் லிம்பர்க் மக்களும் அவர்களுடைய பிரதிநிதிகளுமே. வல்லரசின் மனம் குளிர வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது, அதே நெதர்லாந்தில் லைஸ்டன் என்ற ஊரில் 865 சோவியத் வீரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அவர்களில் பலர் ஜெர்மானியரின் கைதிகளாக இருந்து பசியிலும் நோயிலும் இறந்தவர்கள். பனிப்போர்க் காலத்தில் அந்த இடம் கவனிப்பாரற்றுத்தான் கிடந்தது. இந்த விஷயத்தில் டச்சுச் சமூகத்தின் மீது குறை சொல்ல இடமிருக்கிறது. ஆனால் பின்னாளில், மகன் எங்கே புதைக்கப்பட்டான் என்றே அறியாமல் பல பத்தாண்டுகள் காத்திருந்த குடும்பங்களைத் தேடிப்பிடித்துத் தகவல் சொன்னவர்களும் டச்சுக்காரர்களே. அங்கேயும் இப்போது கல்லறைகளைத் தத்தெடுத்துப் பூ வைக்கிறார்கள். இதனால் எந்த வல்லரசிடம் அவர்களுக்கு என்ன ஆதாயம்?

இந்தோனேசியாவில் நடந்ததற்கான கணக்கை டச்சு அரசிடம் கேளுங்கள், கடுமையாகவே கேளுங்கள். நானும் உங்களோடு நிற்கிறேன். மார்கிராட்டனில் மழைக்கோட்டோடு நின்று, முன்பின் பார்த்தறியாத ஒருவனுடைய பெயருக்குக் கீழே பூ வைக்கும் பெண்ணிடம் அந்தக் கணக்கைக் கேட்காதீர்கள்.