கூடி வரையும் வகுப்பு: ஒரு சிறப்பாசிரியரின் பதில்கள்

அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சுற்றில் போய்வரும் சிறப்பாசிரியர் நான். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் ஒன்றாக உட்காரும் வகுப்பில், சேர்ந்து வரையும் விளையாட்டுகளை எப்படி நடத்துவது என்று வந்த கேள்விகள் இவை.

நான்காம் வகுப்பு ஆசிரியை: நாலு பேருக்கு ஒரு சார்ட் கொடுத்தேன் டீச்சர். நன்றாக வரைகிற ஒருத்தியே முழுக்க முடித்துவிட்டாள். மூளை முடக்குவாதம் உள்ள பையன் க்ரயான் டப்பாவைப் பிடித்துக்கொண்டே இருந்தான். அவனை எப்படிச் சேர்ப்பது?

சார்ட்டைப் பொதுவில் வைத்தால் கை வேகமுள்ள பிள்ளைதான் வரையும். அவள் மேல் தப்பில்லை, விளையாட்டின் விதியை மாற்றுங்கள். அவன் கோடு போடாமல் அடுத்தவர் தொடங்கவே முடியாது என்று இருக்க வேண்டும்.

தாள் மடிப்பு விளையாட்டில் தொடங்குங்கள். 1920களில் பாரிஸ் ஓவியர்கள் விளையாடியது இது. ஒரு தாளை மூன்றாக மடியுங்கள். முதல் பிள்ளை தலையை வரைந்து, கழுத்துக் கோடுகள் இரண்டையும் மடிப்பைத் தாண்டி ஒரு விரற்கடை இழுத்துவிட்டு, தலையை மறைத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த பிள்ளைக்குத் தெரிவது அந்த இரண்டு கோடுகள் மட்டும். அங்கிருந்து உடம்பு, பிறகு கால். விரிக்கும்போது யானைத் தலை, போலீஸ் சட்டை, கோழிக் கால் என்று வரும், வகுப்பே சிரிக்கும். உங்கள் பையனின் கோடு நடுங்கி வளைந்திருந்தால் அந்த உருவத்துக்கு அதுதான் கழுத்து. அழகாக வரைகிறவளும் அதிலிருந்துதான் தொடர்ந்தாக வேண்டும்.

க்ரயானில் பழைய பனியன் துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள், பிடி நிற்கும். தாளின் நான்கு மூலைகளையும் மேசையில் டேப் போட்டு ஒட்டுங்கள். அவன் கையைப் பிடித்து நீங்கள் வரைந்துவிடாதீர்கள், அது உங்கள் கோடு ஆகிவிடும்.

டப்பா பிடிக்கும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் நானே அப்படிச் செய்திருக்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண் குழந்தைக்கு ஒவ்வொரு வாரமும் “நீ கலர் எடுத்துக் கொடும்மா” என்றேன். ஒரு நாள் நான் சொல்லும் முன்பே அவள் போய் டப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அன்று எனக்கு அழுகை வந்தது. பொறுப்புகள் சுற்றி வரட்டும். யாருக்கும் ஒன்றே நிலையாக வேண்டாம்.

ஒரு பயிற்சி ஆசிரியர்: பார்வையற்ற மாணவி வரைதலில் எப்படிப் பங்கேற்பாள்?

புள்ளிக் கோலம் இருக்கிறதே! 7 புள்ளி, ஊடுபுள்ளி, 4 வரை. மொத்தம் 37 புள்ளிகள். முந்தைய நாள் மாலையே கெட்டி அட்டையில் ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக வைத்துக் காயவிடுங்கள். காலையில் மேடாகக் கைக்குத் தட்டுப்படும். புள்ளியை எண்ணி எங்கிருந்து எங்கே என்று சொல்பவள் அவள். பசை தடவிக் கம்பளி நூலை அந்த வழியே ஒட்டுவது மற்றவர்கள். அடுத்த சுற்றில் மாற்றுங்கள்: அவள் ஒட்டட்டும், அவர்கள் சொல்லட்டும். “இங்கே, அங்கே” என்று சொன்னால் அவளுக்குப் புரியாது என்பதை மற்ற பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். “மூணாவது வரிசை, இடமிருந்து ரெண்டாவது” என்று பேச ஆரம்பிப்பார்கள். கணக்குப் பாடமும் அதிலேயே நடக்கிறது.

அவளே வரைய, அட்டையில் ஜன்னல் கொசுவலையை இழுத்து ஒட்டி அதன்மேல் தாளை வைத்து க்ரயானால் அழுத்திக் கீறச் சொல்லுங்கள். கோடு சொரசொரப்பாக எழும்பும், தான் போட்டதைத் தானே தடவிப் பார்ப்பாள்.

இரண்டாம் வகுப்பு ஆசிரியர்: காது கேளாத பிள்ளை குழுவில் தனித்துப் போகிறது.

ஒரு சுற்று முழுக்க யாருமே பேசக் கூடாது என்று வையுங்கள். தோளைத் தொட்டால் உன் முறை, அவ்வளவுதான். கண்ணாலும் கையாலும் பேசுவதில் அந்தப் பிள்ளைக்குத்தான் பழக்கம் அதிகம், மற்றவர்கள் அவளைப் பார்த்துக் கற்பார்கள். முதுகோடு முதுகு உட்கார்ந்து ஒருவர் சொல்ல மற்றவர் வரையும் விளையாட்டு அவளுக்கு ஒத்துவராது. எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் தாளை மட்டும் மறைக்க ஒரு அட்டை நிறுத்தினால் சைகையில் விளையாடலாம்.

ஆட்டிசம் உள்ள பையனின் தந்தை: சத்தம் வந்தாலே காதைப் பொத்திக்கொள்வான், மேடம். குழுவில் உட்கார வற்புறுத்தலாமா?

வேண்டாம் சார். என்ன நடக்கப்போகிறது என்று முன்பே தெரிந்தால் அவனுக்குப் பாதி பயம் போய்விடும். “இப்போது – அடுத்து” என்று இரண்டு படங்கள் உள்ள அட்டையும், முறை எப்போது முடியும் என்று காட்ட மணல் கடிகாரமும் ஆசிரியரிடம் கேளுங்கள். பெரிய சார்ட்டின் ஓரத்தில் அவனுக்கென்று ஒரு மூலை இருக்கட்டும். மற்றவர்கள் வரையும் தெருவோ ஆறோ அந்த மூலையின் விளிம்பில் வந்து நிற்க வேண்டும். உள்ளே கொண்டுபோவதா வேண்டாமா என்பது அவன் முடிவு. அவனுக்குப் பிடித்தது ரயில் என்றால் எல்லாக் குழுவும் ஒரு வாரம் ரயில் வரையட்டுமே!

தலைமையாசிரியர்: சிறந்த படத்துக்குப் பரிசு தரலாமா?

தராதீர்கள். பரிசு வைத்தால், மெதுவாக வரையும் பிள்ளையின் கையிலிருந்து க்ரயானைக் குழுவே பிடுங்கும்.

ஒரு தாய்: என் மகள் நன்றாகப் படிப்பவள். இந்தப் பிள்ளைகளோடு விளையாடி அவள் நேரம் வீணாகாதா?

அம்மா, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களோடு சம வாய்ப்புத் தர வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பள்ளிகளுக்குச் சொல்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் தயவு செய்யவில்லை. உங்கள் மகளுக்கும் இதில் கிடைப்பது நிறைய. தனக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்வது, காத்திருப்பது, தான் நினைக்காத கோட்டிலிருந்து தொடர்வது. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்ந்து மோதிக்கொண்டபோது, எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். எல்லாத் துண்டும் சேர்ந்தால்தான் பாடம் முழுமை. மடித்த தாளிலும் நடப்பது அதுதான். ஒரு வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்து பாருங்கள்.

ஓராசிரியர் பள்ளியிலிருந்து: காசில்லை, நேரமும் இல்லை. நாளைக்கே தொடங்க என்ன வேண்டும்?

போன வருடக் காலண்டர் தாளின் பின்பக்கம், இல்லையென்றால் வராண்டா தரையும் சாக்பீஸும். நாலு பேர் குழு, பத்து நிமிடம், தாள் மடிப்பு மட்டும். ரப்பர் கொடுக்காதீர்கள்.