கார் பெயிண்ட் பாலிஷுக்கு ஃபோம் பேடை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பாலிஷ் மெஷினின் முகப்பில் ஒட்டும் வட்டமான பஞ்சுதான் ஃபோம் பேட். கீறலை அது நிரப்புவதில்லை. காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையோடு சேர்ந்து, கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை, அதாவது பெயிண்டின் மேலிருக்கும் நிறமற்ற பூச்சை, துளித்துளியாகத் தேய்த்துச் சமப்படுத்துகிறது. அந்தக் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. தேய்ந்தது திரும்ப வராது. அதனால்தான் பேட் விஷயத்தில் இவ்வளவு கவனம் வேண்டும் என்கிறேன்.

கெட்டியான ஃபோம் அழுத்தத்தை அப்படியே பெயிண்டுக்குக் கடத்தும், அதிகம் வெட்டும், அதாவது பூச்சை அதிகமாகத் தேய்த்தெடுக்கும். மெத்தென்ற ஃபோம் தானே அமுங்கிக்கொள்ளும். வெட்டு குறைவு, பளபளப்பு அதிகம். அடிப்பிடித்த பாத்திரத்துக்குத் தேங்காய் நார், கண்ணாடி டம்ளருக்கு ஸ்பான்ஜ் என்று எடுக்கிறோமே, அதே கணக்கு.

முதலில் நடுத்தர பேடால் பானட்டில் இரண்டடி சதுரத்தில் மட்டும் தேய்த்துப் பாருங்கள். கீறல் போகாவிட்டால் கெட்டியானதை எடுக்கலாம், அப்புறம் மெத்தென்றதால் முடிக்க வேண்டும். கதவு விளிம்புகளில் பெயிண்ட் இன்னும் மெல்லிசு, அங்கே அழுத்தவே வேண்டாம்.

நிறத்தைப் பார்த்து வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ரூபெஸ் கம்பெனி பேடில் வெள்ளை மிக மென்மையானது, லேக் கன்ட்ரி கம்பெனி பேடில் அதே வெள்ளை நடுத்தரம்.