நடுவரும் நாலு தவணையும்

கேள்வி: 2002-ல் நார்வேக்குப் பதிலாக ஐ.நா. படை வந்திருந்தால் இலங்கையில் சமாதானம் நிலைத்திருக்கும்தானே? உலக நாடுகள் பணமும் கொட்டத் தயாராக இருந்தனவே, பிறகும் ஏன் தோற்றது?
- வாசகர், அயனாவரம்

பதில்: படை போனால் சமாதானம் வரும் என்ற கணக்கை நாமே ஒருமுறை போட்டுப் பார்த்தோம். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம் 72 மணி நேரத்தில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது. ஒப்படைக்க வேண்டிய புலிகளோ அதில் கையெழுத்தே போடவில்லை. காவலுக்குப் போன அமைதிப்படை சண்டையில் இறங்கி, சுமார் 1,200 வீரர்களை இழந்தது. 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகம் வந்து சேர்ந்தவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை.

2002-க்கு வருவோம். அரசுக்கும் புலிகளுக்கும் நடுவராக நின்று நார்வே போர்நிறுத்த ஒப்பந்தம் போட வைத்தது. அதைக் கண்காணிக்க ஆயுதமில்லாத நார்டிக் (வட ஐரோப்பிய) நாட்டவர், ஏறத்தாழ 60 பேர். ஒப்பந்தத்துக்குப் பொருள் சொல்லும் கடைசி அதிகாரம் கண்காணிப்புக் குழுத் தலைவருக்கு எழுத்திலேயே இருந்தது. ஆனால் ‘இது மீறல்’ என்று அவர் எழுதிய பிறகு மீறியவருக்கு என்ன நடக்கும்? அதற்கு ஒரு வரி கிடையாது. புலிகளின் ஆயுதத்துக்கும் கால அட்டவணை இல்லை, அரசியல் தீர்வுக்கும் இல்லை. 14 நாள் நோட்டீஸ் கொடுத்தால் யாரும் விலகலாம். 2008 ஜனவரியில் அரசு அதைத்தான் செய்தது. அதற்கு முன்பே, 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ய, ஒன்றியத்து நாட்டவர் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து கிளம்பின. மிச்சம் நார்வேயும் ஐஸ்லாந்தும், இருபது பேர் அளவில்.

பணமா? 2003 ஜூனில் டோக்கியோவில் 450 கோடி டாலர் வாக்குறுதி. பந்தி விரித்தார்கள், புலிகள் வரவே இல்லை. சுனாமி நிதியைப் பங்கிட அரசும் புலிகளும் சேர்ந்து போட்ட பொதுக் கட்டமைப்பையும் 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடையால் முடக்கியது.

அதே சுனாமி அடித்த, இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைப் பாருங்கள். அங்கே தனிநாடு கேட்டு அரசோடு போரிட்டது சுதந்திர ஆச்சே இயக்கம். 2005 ஆகஸ்ட் 15-ல் ஹெல்சிங்கியில் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்து, அதிலேயே எண்கள். இயக்கம் 840 துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும், 3,000 போராளிகளைக் கலைக்க வேண்டும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நாலு தவணை. ஒவ்வொரு தவணையிலும் அவர்கள் நாலில் ஒரு பங்கு ஆயுதம் தந்தால், அதே தவணையில் ஆச்சேக்கு வெளியிலிருந்து வந்த அரசு ராணுவமும் போலீஸும் ஒரு பகுதி கிளம்பும். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்பார். ஏமாந்தாலும் ஒரு தவணைக்குத்தான் ஏமாற்றம். கொண்டுவந்தவை ஆயிரத்தைத் தாண்டின. உதவாதவற்றைக் கழித்துத்தான் 840 எண்ணினார்கள். எண்ணியதை அங்கேயே அறுத்தார்கள். கண்காணிக்க ஐரோப்பிய ஒன்றியம், நார்வே, சுவிட்சர்லாந்து, ஐந்து ஆசியான் நாடுகள். இவர்களிடமும் ஆயுதம் கிடையாது. தகராறு வந்தால் குழுத் தலைவர் சொல்வது இரு தரப்பையும் கட்டும். அதிலும் தீராவிட்டால், பேச்சுவார்த்தையை நடத்திய அமைப்பின் தலைவர், பின்லாந்தின் முன்னாள் அதிபர் அஹ்திசாரியிடம் போகும். அதற்கு மேல் அப்பீல் இல்லை.

அங்கேயும் ஓட்டை உண்டு. 3,000 என்பது பேரத்தில் வந்த எண். போராளிகள் அதைவிட அதிகம். பெயர்ப் பட்டியல் தரவும் இயக்கம் மறுத்தது. உதவித்தொகை தளபதிகள் கைக்குப் போய், பங்கு பிரிந்து, கடைசி ஆளுக்குச் சொற்பமே சேர்ந்தது. உள்நாட்டுப் போர் முடிந்த ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கில் இதைச் சரியாகச் செய்தார்கள்: கலைந்த வீரருக்கு அரசு ஆறு மாதச் சம்பளம், அதன்பின் நன்கொடை நாடுகளின் பணத்தில் 18 மாதம், அவரவர் பெயரிலேயே, வங்கிக் கிளை வழியாக.

ஐ.நா. பற்றிக் கேட்டீர்களே. இன்னொரு ஆப்பிரிக்க நாடான அங்கோலாவின் உள்நாட்டுப் போரில் ஐ.நா. இருந்தது. நாடு பரந்தது, ராணுவப் பார்வையாளர்கள் சுமார் 350 பேர். இரு படைகளும் முழுதாகக் கலையும் முன்பே 1992 செப்டம்பரில் தேர்தல் நடத்தினார்கள். முடிவை ஏற்காத கிளர்ச்சிப் படைத் தலைவர் சவிம்பி மறுபடி போருக்குப் போனார். அதைப் பார்த்துவிட்டுத்தான், மொசாம்பிக்கில் சில ஆயிரம் வீரர்களை அனுப்பிய ஐ.நா., படைகளைக் கலைக்க அவகாசம் வேண்டும் என்று தேர்தலை 1994 அக்டோபருக்குத் தள்ளிப்போட்டது.